மாற்றுச் சிறுநீரகம் வைத்துப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு வரும் பூஞ்சைத் தொற்று: எங்கே கோட்டை விடுகிறோம்?

#1 வைகைக்கரை

மாற்று அறுவை முடிந்த முதல் ஆறு மாதம் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். காய்ச்சல் 100-ஐத் தொட்டாலே அட்மிஷன். ஐந்து வருடம், பத்து வருடம் ஓடிவிட்டால் கதை வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), டாக்ரோ லெவல் (எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் டாக்ரோலிமஸின் ரத்த அளவு), சர்க்கரை, அத்தோடு சரி. தலைவலி, இருமல் என்றால் தெருமுனை கிளினிக்கிலேயே முடித்துக்கொள்கிறார்கள். கிரிப்டோகாக்கஸ் மாதிரியான பூஞ்சைகள் தேடி வருவது இந்த நிம்மதியான காலத்தில்தான். வரும்போது வேறு நோயின் முகத்தோடு வருகின்றன.

எந்தப் பூஞ்சை தாமதமாக வரும், எந்தப் பரிசோதனையை முதலிலேயே கேட்க வேண்டும், மருந்து தொடங்கியபின் சிறுநீரகத்தை எப்படிக் காப்பது என்று துறைக்காரர்கள் அளவுகளோடு எழுதுங்கள். டோஸ் விவரம் மருத்துவரிடம் பேசுவதற்கு மட்டும். யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

#2 நெஃப்ரோ_குறிப்பேடு

காலக்கணக்கு ஓரளவு உதவும். முதல் மாதத்தில் பெரும்பாலும் கேண்டிடா. வடிகுழாய், சிரை ஊசி, அறுவைக் காயம் வழியாக வருவது. ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஆஸ்பர்ஜில்லஸும் நியூமோசிஸ்டிஸும் முன்னுக்கு வரும். ஒரு வருடம் தாண்டினால் கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, தோலுக்கடியில் வரும் கரும்பூஞ்சைகள். மியூகோர்மைகோசிஸுக்குக் காலமே கிடையாது. சர்க்கரை எகிறும்போது வரும்.

ஆனால் இந்த அட்டவணை ஒரே நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எட்டாவது வருடத்தில் மாற்றுச் சிறுநீரகத்தை உடலே எதிர்க்கும் ரிஜெக்‌ஷன் வந்து மெத்தில்பிரெட்னிசோலோன் 500 மி.கி. மூன்று நாள் போட்டாலோ, ஏ.டி.ஜி. என்ற வலுவான எதிர்ப்பாற்றல் குறைப்பு ஊசி கொடுத்தாலோ, அவர் மறுபடி முதல் ஆறு மாதத்து நோயாளி. சி.எம்.வி. வைரஸ் தொற்று, மாற்றுக்குப்பின் வந்த சர்க்கரை, கிராஃப்ட் (மாற்றுச் சிறுநீரகம்) தேய்ந்து ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) குறைவது, எல்லாமே அபாயத்தைக் கூட்டும்.

முதலில் கிரிப்டோகாக்கஸ். மூளையுறை அழற்சி என்றதும் கழுத்து விறைப்பும் கடும் காய்ச்சலும் நினைவுக்கு வரும். இவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி வராது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். இரண்டு மூன்று வாரமாக விடாத தலைவலி, காலையில் வாந்தி, வீட்டுக்காரர்கள் மட்டும் கவனிக்கும் மந்தம், கணக்கில் தடுமாற்றம், இரட்டைப் பார்வை. டாக்ரோலிமஸாலும் தலைவலி வரும், ரத்த அழுத்தத்தாலும் வரும் என்று நாள் கடத்துவதுதான் பெரிய தவறு.

நம் ஊரில் இன்னொரு பள்ளம் உண்டு. முதுகுத்தண்டு நீரில் லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளணு) கூடுதல், புரதம் கூடுதல், சர்க்கரை குறைவு என்று வந்தால் உடனே காசநோய் என்று எழுதிவிடுவார்கள். கிரிப்டோகாக்கஸிலும் அதே படம்தான். காசநோய் என்று ரிஃபாம்பிசினும் டெக்ஸாமெத்தசோனும் ஆரம்பித்தால் இரண்டு கேடு: ஸ்டீராய்டில் பூஞ்சை பெருகும், ரிஃபாம்பிசின் டாக்ரோ அளவைத் தரைமட்டமாக்கும். ஆகவே மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு லம்பார் பங்சர் (முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது) செய்தால் காசநோய்ப் பரிசோதனையோடு கிரிப்டோகாக்கல் ஆன்டிஜெனும் அதே நாளில் போக வேண்டும். ரத்தத்திலும் அதைப் பார்க்கலாம். மலிவான பட்டைப் பரிசோதனை, பத்து நிமிடத்தில் கோடு தெரியும்.

#3 ஆய்வக_மேசை

சார் சொன்னதற்கு ஆய்வகப் பக்கத்திலிருந்து.

இந்தியா இங்க் பரிசோதனை: ஒரு சொட்டு முதுகுத்தண்டு நீர், ஒரு சொட்டு மை, மேலே கவர் ஸ்லிப். கறுப்புப் பின்னணியில் உருண்டைச் செல்லும், அதைச் சுற்றி மை நுழையாத வெள்ளை வளையமும் தெரியும். மொட்டு விடும் செல் கிடைத்தால் சந்தேகமே இல்லை. லிம்ஃபோசைட்டைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அதைச் சுற்றி வரும் வளையத்தின் விளிம்பு மங்கலாகக் கரையும். கிரிப்டோவின் உறை, கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குக் கிருமி எண்ணிக்கை குறைவு, அதனால் பாதிப் பேரிடம் இந்தப் பரிசோதனை தப்பிவிடும். "இங்க் நெகட்டிவ்" என்பதை வைத்து நோயைத் தள்ளாதீர்கள். ஆன்டிஜென்தான் நம்பகமானது. அதிலும் கிருமி மிக அதிகமாக இருந்தால் பட்டை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மாதிரியை நீர்த்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

திசு மாதிரி பற்றி ஒரு கெஞ்சல். மூக்கிலோ நுரையீரலிலோ தோலிலோ எடுக்கும் துண்டு மொத்தமும் ஃபார்மலினில் விழுந்து வருகிறது. ஃபார்மலினில் போனது செத்தது, கல்ச்சரில் வளராது. ஒரு பாதி ஃபார்மலினில் பயாப்ஸிக்கு, மறுபாதி ஸ்டெரைல் சலைனில் மைக்ரோபயாலஜிக்கு. சலைன் என்றால் காயாமல் இருக்கும் அளவு, முழுக வேண்டியதில்லை. படிவத்தில் "கிட்னி டிரான்ஸ்பிளான்ட், மியூகோர் சந்தேகம்" என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் நாங்கள் திசுவை அரைக்க மாட்டோம், சின்னச் சின்னதாக நறுக்குவோம். மியூகோரின் இழைகளில் குறுக்குச்சுவர் அரிது. அரைத்தால் இழை நசுங்கி உயிர் போய்விடும், கல்ச்சர் வெறுமையாக இருக்கும். திசுவைக் கரைக்கும் கே.ஓ.எச். கரைசல் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசியில் பதில் சொல்லலாம்: அகலமான, ரிப்பன் மடிந்ததுபோல் கிடக்கும் இழை மியூகோர், ஒல்லியாக, சீரான சுவர்களோடு கூர்கோணத்தில் கிளைப்பது ஆஸ்பர்ஜில்லஸ் வகை. முதல் நாள் எந்த மருந்து என்பதை இந்த ஒரு பதிலே தீர்மானிக்கும்.

#4 பொன்னி_75

மேலே உள்ளதைப் படித்தபின் ஒரு கேள்வி. முதுகில் நீர் எடுப்பது பரிசோதனைக்கு ஒருமுறை மட்டுமா? தினமும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் குடும்பத்தார் பயந்துவிடுகிறார்கள்.

#5 நெஃப்ரோ_குறிப்பேடு

பொன்னி அம்மா, கிரிப்டோகாக்கஸில் அந்த ஊசி பரிசோதனை மட்டும் இல்லை, சிகிச்சையும் அதுதான். பூஞ்சையின் உறைப்பொருள் நீர் வடியும் வழியை அடைத்துவிடும். தலைக்குள் அழுத்தம் ஏறும். பார்வை போவதும் உயிர் போவதும் பல சமயம் இந்த அழுத்தத்தால்தான்.

நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஊசி உள்ளே போனபின் காலைச் சற்று நீட்டித் தளர்த்தி, மானோமீட்டரில் அளக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் அளந்தால் தவறான எண் வரும். மானோமீட்டர் இல்லாத இடத்தில் ஸ்டெரைல் ஐ.வி. டியூபை நேராகப் பிடித்து அளவுகோலால் அளப்பதும் நடைமுறையில் உண்டு. 25 செ.மீ.க்கு மேல் இருந்து அறிகுறியும் இருந்தால், 20-க்குக் கீழேயோ தொடக்க அளவில் பாதிக்கோ வரும் வரை நீரை வடிப்பார்கள். அழுத்தம் அடங்கும் வரை தினமும். அசெட்டசோலமைடு, மானிட்டால் இங்கே பயன் தராது. முதல் தடவை அழுத்தத்தை அளக்காமல் நீரை மட்டும் எடுத்து அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

மருந்து மூன்று கட்டம். முதலில் லைபோசோமல் ஆம்போடெரிசின் தினம் கிலோவுக்கு 3 முதல் 4 மி.கி., கூடவே ஃப்ளூசைட்டோசின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மி.கி., நான்காகப் பிரித்து, குறைந்தது இரண்டு வாரம். பிறகு ஃப்ளூகனசோல் 400 முதல் 800 மி.கி. எட்டு வாரம். அதன்பின் 200 முதல் 400 வரை ஆறு மாதம் முதல் ஒரு வருடம். ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகனசோலும் சிறுநீரகம் வழியாகப் போகிறவை, ஜி.எஃப்.ஆர். பார்த்துத்தான் அளவு. ஃப்ளூசைட்டோசின் தேங்கினால் வெள்ளணுவும் தட்டணுவும் சரியும், ஆகவே வாரம் இருமுறை ரத்த எண்ணிக்கை.

நுரையீரலில் மட்டும், தோலில் மட்டும் என்று கிரிப்டோ கிடைத்தாலும் லம்பார் பங்சர் செய்தாக வேண்டும். தொடையில் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத செல்லுலைட்டிஸ் (தோல் அழற்சி) மாதிரியும் இது வரும்.

#6 கொள்ளிடம்

ஒரு மாறுபட்ட கருத்து. உயிருக்கே ஆபத்து என்கிறபோது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்திவிடுவதுதானே முறை? கிராஃப்ட் போனால் டயாலிசிஸ் இருக்கிறது. உயிர் போனால் என்ன செய்ய?

#7 நெஃப்ரோ_குறிப்பேடு

முன்னுரிமை சரி, வழி தவறு. கிரிப்டோவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், தூங்கிக் கிடந்த எதிர்ப்பாற்றல் திடீரென்று விழித்து மூளையுறையில் கிடக்கும் பூஞ்சைக் குப்பை மேல் பாயும். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே தலைவலி கூடும், புதிதாகக் கட்டிகள் தெரியும். இதை மருந்து தோற்றதாக நினைத்து மாற்றுவார்கள். அதே வேளையில் ரிஜெக்‌ஷனும் வரலாம்.

வழக்கமான வரிசை இது: மைக்கோபினோலேட் அல்லது அசத்தியோபிரின் முதலில் நிறுத்தம். டாக்ரோலிமஸ் படிப்படியாகக் குறைப்பு. பிரெட்னிசோலோன் கடைசியில், அதுவும் 5 மி.கி.க்குக் கீழே போகாமல். வருடக்கணக்காக ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி உறங்கிப் போயிருக்கும். கடும் நோயின் நடுவே அதை வெட்டினால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். மியூகோர் பரவிக்கொண்டே போகிறது என்றால் நீங்கள் சொல்வதுபோல் இன்னும் வேகமாகக் குறைக்க வேண்டி வரும். ஒரே சூத்திரம் எல்லாப் பூஞ்சைக்கும் பொருந்தாது.

#8 கொள்ளிடம்

விளங்கியது சார். மியூகோருக்கும் கிரிப்டோவுக்கும் அந்த வேறுபாடு உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை.

#9 மருந்தாளர்_தாமிரபரணி

டாக்ரோலிமஸைக் கல்லீரலிலும் குடலிலும் உடைப்பது சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதி. பூஞ்சைக்கான "அசோல்" மருந்துகள் அந்த நொதியின் கழுத்தைப் பிடிக்கும். விளைவு, அதே மாத்திரை, பல மடங்கு அளவு.

வோரிகனசோல் தொடங்கும் அன்றே டாக்ரோ டோஸ் மூன்றில் ஒரு பங்காக வேண்டும், சைக்ளோஸ்போரின் பாதியாக வேண்டும். பொசகனசோலுக்கும் டாக்ரோ மூன்றில் ஒரு பங்கு, சைக்ளோஸ்போரின் முக்கால் பங்கு. சிரோலிமஸ் எடுப்பவருக்கு இந்த இரண்டையும் சேர்க்கக் கூடாது என்றே மருந்துக் குறிப்பில் இருக்கிறது. ஃப்ளூகனசோலில் டோஸைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை டாக்ரோவைக் குறைக்க வேண்டி வரும். ஐசவுகனசோல் மிதமானது, முன்கூட்டியே குறைப்பதில்லை, லெவல் பார்த்துச் சரி செய்வார்கள்.

லெவல் எடுக்கும் முறை: காலை மாத்திரை போடும் முன், முந்தைய இரவு டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து. ஈ.டி.டி.ஏ. குழாயில் முழு ரத்தம், சீரம் இல்லை. அசோல் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளில் முதல் லெவல், பிறகு நிலைப்படும் வரை வாரம் இருமுறை. மாத்திரை போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நம் ஊரில் இன்னும் பரவலான விபத்து ஒன்று உண்டு. படர்தாமரைக்குத் தோல் கிளினிக்கிலோ நேராக மருந்துக் கடையிலோ இட்ராகனசோல் வாங்கிப் போடுவது. ஒரு வாரத்தில் கை நடுக்கம், கிரியேட்டினின் ஏற்றம், பொட்டாசியம் ஏற்றம். படர்தாமரைக்குப் பூசும் மருந்தில் தொடங்கலாம். மாத்திரை தேவைப்பட்டால் டெர்பினாஃபின் இந்த நொதியைத் தொடுவதில்லை, ஜி.எஃப்.ஆர். மட்டும் பார்க்க வேண்டும். பம்பளிமாசும் கிரேப்ஃப்ரூட்டும் இதே வேலையைச் செய்யும் என்பதால் தவிர்க்கச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசினும் அப்படித்தான்.

வலிப்பு வந்தால் ஃபெனிடாயின் போடுவது வழக்கம். அது நொதியைத் தூண்டிவிட்டு வோரிகனசோல், டாக்ரோ இரண்டையும் கரைக்கும். லெவெடிரசெட்டம் பாதுகாப்பானது.

#10 செவிலியர்_வார்டு7

ஆம்போடெரிசின் ஏற்றுவது பற்றி நான் எழுதுகிறேன். இங்கே நடக்கும் தவறு மருந்தைத் தேர்வதில் இல்லை, குப்பியில்.

பழைய ஆம்போடெரிசினும் 50 மி.கி. குப்பி, லைபோசோமலும் 50 மி.கி. குப்பி. பழையதின் அளவு கிலோவுக்கு சுமார் 1 மி.கி. லைபோசோமல் 5 வரை, சில சமயம் 10 வரை. 60 கிலோ ஆளுக்கு லைபோசோமல் 300 மி.கி., அதாவது ஆறு குப்பி. "ஆம்போ 300" என்று மட்டும் சீட்டில் இருந்து, கடையிலிருந்து பழைய வகை வந்து, அதை அப்படியே ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சீட்டிலும் குப்பியிலும் "லைபோசோமல்" என்ற சொல்லை இருவர் படித்துச் சரிபார்த்த பிறகே கலக்க வேண்டும்.

கலக்கும் முறை: லைபோசோமல் குப்பி ஒன்றுக்கு 12 மி.லி. ஸ்டெரைல் தண்ணீர், 30 விநாடி பலமாகக் குலுக்கல். கூடவே வரும் 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக எடுத்து 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். சலைனில் கூடாது, வீழ்படிவாகிவிடும். அதே லைனில் முன்பு சலைன் ஓடியிருந்தால் டெக்ஸ்ட்ரோஸால் கழுவிய பிறகுதான் இணைக்க வேண்டும். சுமார் இரண்டு மணி நேரம் ஓடும்.

மருந்துக்கு முன் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் சலைன் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காக்க. ஆனால் கிராஃப்ட் பலவீனமாகி கால் வீங்கியிருப்பவருக்கு அது நுரையீரலில் போய் நிற்கும், ஆகவே எடையும் நீர்க்கணக்கும் பார்த்து டாக்டர் சொல்லும் அளவே. பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின் முதல் வாரத்தில் தினமும். மெக்னீசியத்தை நிரப்பாமல் பொட்டாசியத்தை மட்டும் ஊற்றினால் அது நிற்காது. டாக்ரோலிமஸும் மெக்னீசியத்தை வடியச் செய்வதால் இவர்களுக்கு இரட்டை நஷ்டம்.

#11 வைகைக்கரை

மியூகோர் பற்றித் தனியாக எழுத வேண்டுகிறேன். 2021-இல் கோவிட் இரண்டாம் அலையில் "கறுப்புப் பூஞ்சை" என்று எல்லோருக்கும் பெயர் தெரிந்துவிட்டது, ஆனால் அறிகுறி மறந்துவிட்டது.

#12 காது_மூக்கு_தொண்டை

அந்தப் பெயரே குழப்பம். கறுப்பாவது பூஞ்சையின் நிறத்தால் இல்லை. அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைக்கிறது, திசு செத்துக் கறுக்கிறது. கறுத்த பிறகு வருவது தாமதம். அதற்கு முன்பே கன்னத்தில் மரத்துப்போன உணர்வு, ஒரு பக்க முகவலி, ஆரோக்கியமான மேல்பற்கள் திடீரென ஆடுவது, கண் இமை தொங்கல், இரட்டைப் பார்வை, மூக்கிலிருந்து ரத்தம் கலந்த பழுப்பு நீர். சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மூக்கு எண்டோஸ்கோப்பி. ஆரம்பத்தில் உட்சவ்வு வெளிறி, தொட்டால் வலியும் ரத்தக்கசிவும் இல்லாமல் இருக்கும். அதுதான் பயாப்ஸி எடுக்க வேண்டிய இடம்.

பூஞ்சையைத் தேடும் பரிசோதனைகளான கேலக்டோமன்னன், பீட்டா டி குளூக்கன் இரண்டும் மியூகோரில் நெகட்டிவாகவே வரும். வோரிகனசோல் இதற்கு வேலை செய்யாது. லைபோசோமல் கிலோவுக்கு 5 மி.கி., முதல் நாளிலிருந்தே முழு அளவு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது தவறு. செத்த திசுவுக்கு ரத்தம் போகாது, மருந்தும் போகாது. ஆகவே ரத்தம் கசியும் ஆரோக்கியத் திசு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும், தேவையானால் இரண்டு மூன்று தடவை. நிலைப்பட்ட பிறகு பொசகனசோல் மாத்திரை முதல் நாள் 300 மி.கி. இருவேளை, பிறகு தினம் 300. இல்லையென்றால் ஐசவுகனசோல். இதே பூஞ்சை நுரையீரலிலும் வரும், மாற்றுச் சிறுநீரகத்தையே தாக்கி அதன் ரத்தக்குழாயை அடைப்பதும் உண்டு.

#13 நெஃப்ரோ_குறிப்பேடு

நுரையீரல் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்ரேயில் நிழல், ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஐந்து நாளாகியும் மாற்றமில்லை என்றால் சி.டி., அதன்பின் தாமதிக்காமல் பிராங்கோஸ்கோப்பி. ஆஸ்பர்ஜில்லஸுக்கு இவர்களின் ரத்தத்தில் கேலக்டோமன்னன் பல சமயம் நெகட்டிவ். நுரையீரல் கழுவுநீரில் பார்ப்பதுதான் மதிப்புள்ளது. வோரிகனசோல் முதல் நாள் கிலோவுக்கு 6 மி.கி. இருமுறை, பிறகு 4. ஜி.எஃப்.ஆர். 50-க்குக் கீழே இருந்தால் ஊசி மருந்திலுள்ள சைக்ளோடெக்ஸ்ட்ரின் உடலில் தேங்கும், முடிந்தவரை மாத்திரை. ஐந்தாம் நாளையொட்டி ட்ரஃப் லெவல் (அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுக்கும் ரத்த அளவு), மி.லி.க்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். மாதக்கணக்கில் எடுப்பவர்கள் வெயிலில் தோலை மூட வேண்டும். மாற்றுறுப்புக்காரர்களுக்கு ஏற்கெனவே தோல் புற்றுநோய் அபாயம் அதிகம், இது இன்னும் கூட்டும்.

நியூமோசிஸ்டிஸ் வேறு மாதிரி. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 96, வராந்தாவில் நடக்க வைத்தால் 88. வறட்டு இருமல், எக்ஸ்ரே கிட்டத்தட்ட சுத்தம். இதைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோலை முதல் வருடத்தோடு நிறுத்தியவருக்கு ரிஜெக்‌ஷன் சிகிச்சை கொடுத்தால் மறுபடி தொடங்க வேண்டும், இது அடிக்கடி விட்டுப்போகிறது. சிகிச்சை அளவில் கொடுக்கும்போது அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் பொட்டாசியத்தை ஏற்றும். கிரியேட்டினினையும் சற்று ஏற்றிக் காட்டும், அதை ரிஜெக்‌ஷன் என்று அவசரப்பட வேண்டாம்.

#14 ஆய்வக_மேசை

சிறுநீரில் "கேண்டிடா வளர்ந்தது" என்ற ரிப்போர்ட்டுக்கு ஒரு வார்த்தை. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, கிரியேட்டினின் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். சிறுநீர்க் குழாய் இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்யப்போகிறார்கள் என்றால் வேறு. அறிகுறி இருந்து கிராஃப்டும் வீங்கியிருந்தால் அல்ட்ராசவுண்டில் பூஞ்சை உருண்டை அடைத்திருக்கிறதா பார்க்க வேண்டும். காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின் என்ற பூஞ்சை மருந்துகள் சிறுநீருக்குள் போதுமான அளவு வராது.

#15 பொன்னி_75

பாதத்தில், முழங்காலில் வலியில்லாத ஒரு கட்டி மாதக்கணக்காக இருந்தால்? வயல் வேலை செய்கிறவர்களிடம் கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுகிறார்கள்.

#16 ஆய்வக_மேசை

விடக்கூடாது. முள், சிராய் குத்திய இடத்தில் மண்ணிலுள்ள கரும்பூஞ்சை (மியூகோர் இல்லை, இழையே கறுப்பான வேறு வகை) உள்ளே போய், எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடம் பல மாதம் கழித்துக் கட்டியாக எழும். ஊசி போட்டால் சீழ் மாதிரி வரும். சாதாரண கல்ச்சரை இரண்டு நாளில் மூடிவிடுவார்கள், இது வளர நாலு வாரம் கூட ஆகும். படிவத்தில் "பூஞ்சைக் கல்ச்சர், நாலு வாரம் வைக்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். ஃபான்டானா மேசன் சாயத்தில் இழை பழுப்பு கலந்த கறுப்பாகத் தெரியும். கீறி வடிய விட்டால் மறுபடி வரும். சுவரோடு முழுக்கட்டியையும் எடுத்து, கூடவே இட்ராகனசோல். எடுக்கும்போது உள்ளே பழைய முள்துண்டு கிடப்பதும் உண்டு.

#17 மருந்தாளர்_தாமிரபரணி

இட்ராகனசோல் கேப்ஸ்யூல் என்றால் சாப்பாட்டோடு, வயிற்றில் அமிலம் இருக்கும்போது. மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் பலரும் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் எடுப்பார்கள், அதனால் மருந்து உறிஞ்சப்படாது. திரவ வடிவம் வெறும் வயிற்றில். டாக்ரோ குறைப்பு இதற்கும் உண்டு, லெவலைப் பார்த்து.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். எல்லோரும் அசோல் தொடங்கும் நாளைக் கவனிக்கிறார்கள், நிறுத்தும் நாளை விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதமாக மூன்றில் ஒரு பங்கு டாக்ரோவில் இருந்தவர் வோரிகனசோலை முடித்தால், ஒரு வாரத்துக்குள் நொதி விழித்துக்கொள்ளும், டாக்ரோ அளவு சரியும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த செக்கப்பில் கிரியேட்டினின் இரண்டு மடங்கு. ஆகவே கடைசி மாத்திரைத் தேதி முடிவாகும்போதே அதற்கு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் லெவல் எடுக்கும் தேதிகளையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். டாக்ரோ டோஸை எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்பதும் அதே சீட்டில் இருக்க வேண்டும். கடையில் அசோல் ஸ்டாக் இல்லாமல் நான்கு நாள் விட்டுப்போனாலும் இதே கதைதான். அப்படி விட்டால் அன்றைக்கே டிரான்ஸ்பிளான்ட் கோ-ஆர்டினேட்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.